லெட்சுமியின் கோப்பியும் எங்கள் வெள்ளை அணுக்களும்

என் முழங்கால் வலி திடீரென்று காணாமல் போன அதே வருஷத்தில்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடப் பார்த்தார்கள். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவரை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது, செல்களை எப்படி வளர்ப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் கைப்பேசியில் வீடியோ இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காவது பாடம் எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. நான் சொல்ல வந்தது ஒரு கோப்பியைப் பற்றி.

ஜோகூர் பாருவுக்குப் பக்கத்துக் கூலாயில் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் தொழிற்சாலைகள், நடுவில் எங்கள் ஆய்வுக்கூடம். நாங்கள் கட்டிக்கொண்டு அழுதது ஒரே ஒரு புரதத்தை. மூட்டு அழற்சி வரும்போது வெள்ளை அணுக்களை உசுப்பிவிடுகிற புரதம் அது. தெருவில் சண்டை நடந்தால் ஒருவர் ஓரமாக நின்றுகொண்டு ‘விடாதே, போடு’ என்று கத்துவாரே, அந்த ரகம். நோயாளிகளின் ரத்தத்தையும் நல்ல உடம்புக்காரர்களின் ரத்தத்தையும் எடுத்து, இரண்டிலும் கிருமியின் துணுக்கு ஒன்றைக் கலந்து, எது எவ்வளவு கொதிக்கிறது என்று பார்ப்போம். நல்ல உடம்புக்காரர்களுக்கு எங்கே போவது? எங்கள் மாடியில் வேலை செய்தவர்களேதான் கை நீட்டினோம்.

நோயாளிகளின் ரத்தம் கொதியோ கொதி என்று கொதித்தது. எங்கள் ரத்தம் அசையவே இல்லை. வரைபடத்தில் ஒரு கம்பம் வானத்தைத் தொட்டது, இன்னொன்று தரையில் உட்கார்ந்திருந்தது. நல்ல உடம்புக்காரர்களிடம் இந்தப் புரதம் வேறு வடிவத்தில் இருந்து பிரேக் போடுகிறது என்று எங்கள் பேராசிரியர் முடிவு கட்டினார். அப்படி ஒரு வரைபடத்துக்காகத்தான் நாங்கள் வருஷக்கணக்காகத் தவம் கிடந்தோம். ஆய்வுக்கு மேற்கொண்டு பணம் தருவதா, கடையைச் சாத்துவதா என்று தீர்மானிக்கும் குழு புத்ராஜெயாவில் கூடவிருந்தது. மூடினால் எனக்கொன்றும் இல்லை, நான் ஓய்வு வாசலில் நின்றேன். ஒப்பந்தத்தில் இருந்த மூன்று சின்னவர்கள்தான் தெருவுக்கு வருவார்கள். அதனால் அந்த வரைபடத்தை நாங்கள் சாமி படம் மாதிரிப் பார்த்தோம்.

இனி லெட்சுமி. எங்கள் அலுவலகத்தையே தலையில் சுமந்தவள் அவள்தான். ஆள் சேர்த்து விற்கிற மூலிகைக் கோப்பிக் கம்பெனி ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். சின்னச் சின்னப் பாக்கெட், வெந்நீர் ஊற்றினால் போதும்.

“கா, ஒரு வாரம் குடிச்சுப் பாருங்க லா. கால் வலி போகலன்னா என்னைய நல்லா ஏசுங்க.”

ஏசலாம் என்றுதான் குடித்தேன். ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. அப்புறம் என்ன, பேன்ட்ரியில் ஒரு டின் நிரந்தரமாகக் குடியேறியது. மாடி முழுக்க அதைத்தான் குடித்தோம். எல்லாருக்கும் நல்ல பசி, நல்ல சுறுசுறுப்பு. வீட்டில் எத்தனையோ காலமாகத் தொடாமல் கிடந்த பரணை நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலி செய்தேன். முகமெல்லாம் உருண்டு திரண்டு பளபளவென்று ஆகிவிட்டது. வெளியிலிருந்து வருகிறவர்கள், “உங்க லேப்ல எல்லாரும் செழிப்பா இருக்கீங்க!” என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

குடிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி லெட்சுமி. தன் சரக்கைத் தானே தொடமாட்டாள், வயிற்றுப் புண். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுவாள் என்பதால் ரத்தம் கொடுத்தவர்களிலும் அவள் இல்லை. இன்னொருவர் பேராசிரியர். யாழ்ப்பாணத்து வம்சம், ஜோகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவர். சீனி போடாத தேநீரை வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு வருவார். கோப்பி வாசனை பட்டாலே தலை இடிக்கும் என்பார்.

ஒருநாள் ரத்தம் கொடுக்க வேண்டிய ஒருவர் வரவில்லை. கோத்தா திங்கியில் அவர் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. “என்ரை ரத்தத்தை எடுங்கோ, எனக்கென்ன குறை?” என்று பேராசிரியர் சட்டைக் கையைச் சுருட்டினார். எடுத்தோம். அது நோயாளி ரத்தம் மாதிரிக் கொதித்தது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் கொதித்தது.

மனிதர் வெளுத்துப் போய்விட்டார். நாள் முழுக்க விரல் கணுக்களை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். மறுநாள் தன் பேட்மிண்டன் மட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

“நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ. இனி எனக்கு இது சரிவராது.”

“சார், உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?”

“இன்னும் இல்லை. ஆனா வரப்போகுது.”

சிரிக்காதீர்கள். நீங்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வீர்கள். பத்துப் பேரில் ஒருவர் மாறுபட்டால் அந்த ஒருவருக்கு என்ன கோளாறு என்றுதான் முதலில் கேட்போம். மீதிப் பேருக்கு என்ன வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அதிலும் அந்த மீதிப் பேரில் நாமும் இருந்துவிட்டால் சுத்தமாகத் தோன்றாது.

எனக்குத் தோன்றியதற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை, எரிச்சல்தான். ஆள் இவ்வளவு நன்றாக இருந்துகொண்டு நோயாளி மாதிரி நடக்கிறாரே என்ற எரிச்சல். எங்கள் எல்லாருடைய ரத்த அணுக் கணக்கையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்களிடம் ஒருவகை வெள்ளை அணு அநேகமாகக் காணவே இல்லை. அவரிடம் மட்டும் ஒழுங்காக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம்தான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களில் யாரும் எந்த மருந்தும் சாப்பிடவில்லை. ரத்தம் எடுக்கும்போது ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் இல்லை என்றுதான் சத்தியம் பண்ணினோம்.

இதையே யோசித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். இரண்டு இரண்டு படியாக, கையில் கோப்பிக் கோப்பையோடு, அந்த வயதில். பாதியில் நின்றேன். கோப்பையைப் பார்த்தேன். முழங்காலைப் பார்த்தேன். “அலாமாக்!” என்று கத்தியதில் கீழே பாதுகாவலர் எழுந்து நின்றுவிட்டார்.

பேராசிரியரின் ரத்தத்தில் கொஞ்சம் வாங்கி, பாக்கெட் கோப்பியை வடிகட்டி அதில் சேர்த்தோம். இன்னொரு பங்கில் முனைக் கடையில் வாங்கிய, பால் கலக்காத சாதாரணக் கோப்பி-ஓ. தன் தேநீரையும் சோதித்தாக வேண்டும் என்று அவர் பிளாஸ்கைத் திறந்து நீட்டினார், அதையும் சேர்த்தோம். கடைக் கோப்பி பட்ட ரத்தம் கொதித்தது. தேநீர் பட்டதும் கொதித்தது. லெட்சுமியின் கோப்பி பட்டது குறட்டை விட்டுத் தூங்கியது. மருந்துகளைப் பரிசோதிக்கும் நண்பர் ஒருவரிடம் பாக்கெட்டைக் கொடுத்தேன். ஸ்டீராய்டுதான், அதுவும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நோயை வருத்தம் என்பது அவர் வழக்கம். “அப்ப எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையா?” என்று சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளி எழுந்தார். என் மேசைக்கு வந்து மட்டையை எடுத்துக்கொண்டார். அதை வீசிப் பார்த்துக்கொண்டே கதவு வரை போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அப்ப எங்கடை கிராஃப்?”

“அதுவும் இல்ல சார். நம்ம புரதம் பிரேக் போடல. கோப்பிதான் போட்டிருக்கு.”

குழு கூட இரண்டு நாள்தான் இருந்தது. இப்போதைக்கு அதே படத்தைக் காட்டிவிட்டுப் பணம் வந்த பிறகு திருத்திக்கொண்டால் என்ன என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். கேட்டது யார் என்று சொல்லமாட்டேன், வேலை போகப்போகிறவர் வேறு எப்படிக் கேட்பார்? பேராசிரியர் கணினியைத் திறந்து அந்தப் படத்தை அழித்தார். “கோப்பியைக் கண்டுபிடிச்சம் எண்டு போய்ச் சொல்லுவம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தானே?” என்றார்.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். பதற்றத்தில் எங்கள் புலனக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘கோப்பியை உடனே நிறுத்தவும். ஆபத்து.’ நான் பார்த்துவிட்டு ஓடிப்போய், “சார், உடனே நிறுத்தக்கூடாது!” என்றேன். ஸ்டீராய்டு வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிடும். வெளி வரத்தும் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அவரும் தலையில் அடித்துக்கொண்டு இதையெல்லாம் விளக்கி நீளமாக இரண்டாவது செய்தி அனுப்பினார். நீளமான செய்தியை யார் படிக்கிறார்கள்? நான் நம்பவில்லை. மாடியில் இருந்த எல்லாரையும் ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அன்றைக்கு லெட்சுமி விடுப்பில் இருந்தாள். அவள்தான் குடிக்கிறவள் இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

குழு கூடும் நாள் காலையில் ஒரே காரில் புறப்பட்டோம். பேராசிரியர் ஓட்டினார், நான் பக்கத்தில், லெட்சுமி பின்னால். குழுவினர் கேட்கும் எந்தத் தாளும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் அவள் மட்டும்தான். கூலாய் தாண்டியும் அவள் வாய் திறக்கவில்லை. சிம்பாங் ரெங்கம் தாண்டியும் திறக்கவில்லை. லெட்சுமி பேசாமல் வருகிறாள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

“ஏண்டி, உன்ன யாரும் ஒண்ணும் சொல்லல. தெரியாமத்தானே வித்த?”

பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். “நல்லதுன்னு நெனச்சுத்தான் கா குடுத்தேன். எங்க அண்ணனுக்கே குடுத்தேன் கா. நெசமா.”

அவளுடைய அண்ணன் பெக்கோக்கில் இருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஊளைச் சதையும் பிடிவாதமும் கொண்ட மனிதர் என்று லெட்சுமியே சொல்லியிருக்கிறாள். கால் கட்டைவிரலில் கௌட் வாதம் வந்தால் பெட்ஷீட் பட்டால்கூட அலறுவாராம்.

“அண்ணனும் குடிக்கிறாரா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷமா கா. காலையில ஒரு ஜக்கு, ராத்திரி ஒரு ஜக்கு. ஆனா நீங்க கவலப்படாதீங்க. சார் மெசேஜ் பாத்தவொடனே பஸ் புடிச்சுப் போயி, வீட்டுல இருந்த எல்லாப் பாக்கெட்டையும் அள்ளிட்டு வந்துட்டேன். ஒண்ணு விடல.”

பேராசிரியர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“எப்ப அள்ளின?”

“முந்தாநாளு. நேத்து போன் போட்டேன், தலை சுத்துதுன்னாங்க. இன்னிக்குக் காலையிலேருந்து போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. கோவமா இருக்காங்க போல.”

“கோபம் இல்லடி!” என்றேன். ஒரு மனிதர் பூட்டிய வீட்டில் விழுந்து கிடப்பதுதான் என் கண்ணில் நின்றது. ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். அந்த வட்டாரத்து வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, நேரமாகும், முடிந்தால் நீங்களே கொண்டுபோங்கள் என்றார்கள். லெட்சுமிக்குத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரோ சிங்கப்பூரில் வேலையில் இருந்தார்.

யோங் பெங் வந்துகொண்டிருந்தது. நேரே போனால் புத்ராஜெயா. இடதுபக்கம் இறங்கினால் பெக்கோக். குழுவினர் தாமதமாக வருகிறவர்களைக் காத்திருந்து கேட்கிற வகையறா இல்லை. மூன்று பேர் வேலையும் எத்தனையோ வருஷத்து உழைப்பும் அந்த நேர்ச் சாலையில் இருந்தது. ஒரு பெரிய உரையை எதிர்பார்த்து நான் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இடதுபக்க சிக்னலைப் போட்டார்.

“குழுவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கோ, நாங்கள் வரேல்லை எண்டு,” என்றார். அவ்வளவுதான்.

தீர்மானம் எடுப்பதைப் பற்றி நீங்கள் பட்டறைகளுக்கெல்லாம் போகிறீர்கள். நான் பார்த்த நல்ல தீர்மானம் அந்த சிக்னல்தான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நீங்கள் ஒரு ஸ்லைடைக்கூடத் திறக்கமாட்டீர்கள்.

பெக்கோக்கில் அண்ணன் வீட்டு கேட் உள்ளே பூட்டியிருந்தது. கத்தினோம், ஹாரன் அடித்தோம், நாய் ஒன்றுதான் பதில் சொன்னது. லெட்சுமி கேட்டைப் பிடித்து உலுக்கி, “அண்ணே! அண்ணே!” என்று கதறினாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பேராசிரியர் வேலிமேல் ஏறிவிட்டார். கழுத்தில் டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. மட்டையைத் தானம் கொடுத்த அதே மனிதர். மறுபக்கம் குதித்ததும் பர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கால்சட்டை பின்னால் மேலிருந்து கீழ்வரை போயிருந்தது. அவர் கவனிக்கவே இல்லை. நாயை ஒரு அதட்டு அதட்டிவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினார்.

அப்புறம் உள்ளேயிருந்து அலறல் கேட்டது. பேராசிரியருடையது இல்லை.

சாவியைத் தேடி எடுத்து வந்து பேராசிரியர் கேட்டைத் திறந்துவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தபோது, அண்ணன் சமையலறையில் அரிசி டின்னுக்கு முன்னால் குந்தியிருந்தார். டின் முழுக்க அரிசி, அரிசிக்குள்ளே தங்கைக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த கோப்பிப் பாக்கெட். பக்கத்தில் ஆவி பறக்கும் ஜக்கு. டை கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தவரைக் கோப்பியைப் பிடுங்க வந்த சர்க்கார் அதிகாரி என்று நினைத்து, ஜக்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

“கிட்ட வராதீங்க! குடிச்சு முடிச்சிட்டுத்தான் தருவேன்!”

“குடியுங்கோ, குடியுங்கோ,” என்றார் பேராசிரியர் மூச்சு வாங்க. “தயவுசெய்து குடியுங்கோ.”

அந்தக் கோப்பியை விஷம் என்று சொன்ன மனிதர், அதைக் குடிக்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“அப்ப தலை சுத்துதுன்னு சொன்னது?” என்றாள் லெட்சுமி.

“அப்பிடிச் சொன்னாத்தான நீ பயந்துகிட்டு மீதியத் திருப்பித் தருவ?”

“போன் ஏன் எடுக்கல?”

“ஒன்கூட எனக்கு என்ன பேச்சு?”

லெட்சுமி கைப்பையைக் கழற்றி அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். அப்புறம் அதே முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜக்கைக் கீழே வைத்துவிட்டு, “சரி லா, சரி லா,” என்று அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

பாக்கெட்டோடு அவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு இளம் மலாய் டாக்டர் சோதித்துவிட்டு, கோப்பிக்குப் பதிலாக அளவான மாத்திரை எழுதி, மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்றார். இவர் தங்கை சொன்னதைக் கேட்டிருந்தால் இந்நேரம் கதை வேறாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், அண்ணன் லெட்சுமியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அந்தத் திமிர் அடங்கவில்லை.

குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. வர முடியாவிட்டால் வீடியோவில் பேசுங்கள், கடைசி ஆளாகப் போட்டிருக்கிறோம் என்றார்கள். மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று பேராசிரியர் பேசினார். கால்சட்டையின் நிலைமைக்கு அந்த மரத்தைத் தவிர வேறு வழியில்லை. படம் இல்லை, ஸ்லைடு இல்லை. எங்கள் முடிவு தப்பு, தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம், சரியான ஆட்களை வைத்து மறுபடி பார்க்க அவகாசம் கொடுங்கள் என்றார். கேட்டதில் பாதிதான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த மூன்று பேரில் யாரும் வேலை இழந்து வீட்டுக்குப் போகவில்லை.

மறுபடி பார்த்தோம். வானத்தைத் தொட்ட கம்பம் அங்கேயே நின்றது, தரையில் இருந்தது எழுந்து அதன் தோள் வரை வந்தது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சியது ஒரு சின்ன வித்தியாசம். ஆனால் அது நிஜம். எத்தனை தடவை செய்தாலும் மாறாமல் நின்றது. நீங்கள் இப்போது இங்கே உட்கார்ந்து வேலை செய்வது அந்தச் சின்ன வித்தியாசத்தின்மேல்தான்.

என் முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது, அது போகட்டும். அண்ணனுக்கும் கௌட் திரும்ப வந்தது. கிளினிக் மருந்து ஓரளவுக்குத்தான் கேட்கிறது. வலி கிளம்பினால் இரண்டு மூன்று நாள் லோரி ஏற முடிவதில்லை. அவர் உயிரைக் காப்பாற்றப் போனோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அவரைப் பொறுத்தவரை, நன்றாக நடந்துகொண்டிருந்த மனிதரிடமிருந்து கோப்பியைப் பிடுங்கியவர்கள் நாங்கள். அதற்குப் பதிலாக நல்ல மருந்து ஒன்று கண்டுபிடித்துத் தருகிறோம் என்று அன்றைக்குக் காரில் வாய் தவறிப் பேராசிரியர் சொல்லிவிட்டார், அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் இப்போது இல்லை. அதனால் கால் வீங்கும்போதெல்லாம் அண்ணன் எனக்குத்தான் போன் போடுகிறார். நலமா, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் கிடையாது.

“என்னா டாக்டர், அந்த மருந்து வந்துருச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

“நெசமா பாத்துக்கிட்டு இருக்காங்களா, இல்ல சும்மா கோப்பி குடிச்சிட்டு ஒக்காந்திருக்காங்களா?”

அதை நீங்கள்தான் சொல்ல முடியும். அதனால் அடுத்த தடவை அவர் கேட்கும்போது உங்கள் நம்பரைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.